அழித்தும் போகாத பத்தி

பேருந்து நிலையத்துக்குப் பின்புறச் சந்தில், செருப்புக் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவே ஒரே ஓர் அறை. இரண்டு கணினி, ஒரு பிரிண்டர். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணை ஊரே டிஸ்க் டாக்டர் என்றுதான் கூப்பிடும். தொழில் தட்டச்சு, பேர் வாங்கித் தந்தது வைத்தியம். கோப்பு திறக்காத ஃபிளாப்பி டிஸ்க்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். அவளும் சளைக்காமல் அதே பாட்டைப் பாடுவாள்: "ஃபிளாப்பியில வச்சே வேலை பாக்காதீங்க. மொதல்ல கம்ப்யூட்டருக்குள்ள காப்பி பண்ணுங்க. முடிச்சு, ஃபைலை மூடிட்டு, அப்புறம் ஃபிளாப்பியில போடுங்க." தலையாட்டுவார்கள். மறுவாரம் அதே தப்போடு வருவார்கள்.

அந்த வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வந்தவர் கட்டட இன்ஜினியர். மடிப்புக் கலையாத சட்டை. கையில் இரண்டு ஃபிளாப்பி.

"மூணே பக்கம்மா. சேவ் பண்ணா இடம் இல்லங்குது. உருவிட்டு வேற டிஸ்க்கைப் போட்டேன். இப்ப ரெண்டும் தெறக்க மாட்டேங்குது."

"ஃபைல் தெறந்திருக்கும்போதே உருவினீங்களா? ஆபரேஷன் நடுவுல பேஷண்டை எழுப்பி வீட்டுக்கு அனுப்பின கதைதான் சார்."

அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு மணிக்குள்ள ரிப்போர்ட் போயாகணும்."

முதல் ஃபிளாப்பியில் இருந்ததைக் கணினிக்குள் நகலெடுத்தாள். மூன்று பக்கக் கோப்பு இருபது மடங்கு வீங்கியிருந்தது. காரணம் அவளுக்குத் தெரிந்ததுதான். சீக்கிரம் சேமிக்க, அவர் ரிப்போர்ட் அடித்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. கோப்பை முழுசாக எழுதாமல், திருத்தத்தை மட்டும் வாலில் ஒட்டிவிட்டுப் போகும். அழித்தது திரையில்தான் மறையும். கோப்புக்குள் அப்படியே கிடக்கும்.

அப்படிப்பட்ட கோப்பை, உள்ளே கிடக்கும் எழுத்தை எல்லாம் அப்படியே காட்டும் வேறொரு நிரலில் கொட்டி, குப்பைக்கு நடுவிலிருந்து வரிகளைப் பொறுக்குவது அவள் வழக்கம். பொறுக்கினாள். முதலில் கட்டடத்தின் முகவரி வந்தது. விரல் நின்றது. ரயில் பாதையை ஒட்டிய தையல் தொழிற்சாலை. அங்கே நான்காம் மாடியில்தான் அவள் தங்கச்சி காலர் தைக்கிறாள்.

ஒரு பத்தி இரண்டு தடவை வந்தது. முதலில்: "நான்காம் மாடி நடுத்தூணில் விரிசல் பெரிதாகி வருகிறது. ஆட்களை உடனே வெளியேற்ற வேண்டும்." வாலில்: "நான்காம் மாடி பயன்பாட்டுக்கு ஏற்றது. பூச்சு வேலை போதும்."

முதுகுக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

"அது பழசு" என்றார் இன்ஜினியர். "கடைசியா இருக்கறதை எடுங்க."

"நடுவுல எது சார் மாறிச்சு? தூணா?"

"எழுத்து உங்க வேலை. தூண் என் வேலை." குரல் ஏறவில்லை, இறங்கியது. "உங்க மிஷின்ல காப்பி இருக்கக் கூடாது. என் கண்ணு முன்னாடி அழிங்க."

சுத்தமான மூன்று பக்கத்தைப் புது ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்தாள். கணினியில் இருந்ததை அழித்தாள். அவர் கடைசிவரை திரையையே பார்த்திருந்துவிட்டுப் போனார். அழித்த கோப்பை மீட்பது அவளுக்குத் தினசரிப் பிழைப்பு என்பது அந்த மனிதருக்குத் தெரியவில்லை. ஐந்தாவது நிமிடம் அந்த விரிசல் பத்தி பிரிண்டரிலிருந்து காகிதத்தில் வந்தது.

தொழிற்சாலைக்குப் போன் போட்டாள். "ஷிஃப்ட் நடுவுல யாரையும் கூப்பிட முடியாதும்மா" என்று மேற்பார்வையாளர் வைத்துவிட்டார். கடையை இழுத்துச் சாத்திவிட்டு ஓடினாள்.

சாப்பாட்டு இடைவேளையில் தங்கச்சி வாசலுக்கு வந்தாள். "என்னக்கா, இப்படி மூச்சு வாங்குது? வீட்ல யாருக்காச்சும்...?"

"மேல போகாத. பையை எடுக்கக்கூடப் போகாத."

அக்கா நீட்டிய காகிதத்தைத் தங்கச்சி இரண்டு தடவை படித்தாள். "நேத்துதான் அந்தத் தூணைப் பூசினாங்க. காலையில பூச்சு மேலயே கோடு. நாங்க அதைப் பாத்துச் சிரிச்சோம்க்கா."

"வா, வீட்டுக்குப் போலாம்."

"நான் மட்டுமா? மேல எண்பது பேரு சாப்பிட்டுட்டு இருக்காங்க." காகிதத்தோடு திரும்பி, இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

"அடியே, நில்லுடி!"

பின்னாலேயே ஏறப் போன அக்காவுக்குக் குறுக்கே காவலாளி கையை நீட்டினார். இடைவேளை முடிந்து மணி அடித்தது. முதல் மாடியில் மிஷின்கள் ஓடத் தொடங்கின. இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி. நான்காவது மாடி மட்டும் மௌனமாக இருந்தது. அவள் படிக்கட்டையே பார்த்தாள், யாரும் இறங்கவில்லை. பிறகு மேலே ஒரு மிஷின் கடகடத்தது. அதை அடுத்து இன்னொன்று.

காவலாளியின் கையைத் தட்டிவிட்டு அவள் உள்ளே ஓடினாள்.