பேர் வெட்டிய ஹீட்டர் பிளக்

என் தங்கை ஞானமேரி யாரையும் சுலபத்தில் நம்பமாட்டாள். கடையில் உப்பு வாங்கினால்கூட ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் ஜாடியில் கொட்டுவாள். அது கெட்ட குணம் என்று இண்டூரில் பாதிப் பேர் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் கூடப்பிறந்தவள். அந்தக் குணம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும்.

அவள் புருஷன் சவுரியப்பன் ஒரு டீசல் வேன் வைத்திருந்தார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. கல்லறையில் மண் போட்டுவிட்டு வூடு வந்து பார்க்கிறோம், வேனில் இருந்த புது பேட்டரியைக் காணோம். அந்த இடத்தில் ஓரமெல்லாம் பூத்துப்போன ஒரு பழைய பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. எழவுக்கு வந்தவர்களில்தான் யாரோ மாற்றியிருக்க வேண்டும். எனக்கு ஒரு ஆள்மேல் நினைப்பு உண்டு. கண்ணால் பார்க்காததைச் சொல்லக்கூடாது, அதனால் சொல்லவில்லை.

நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஞானமேரி, பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிற சென்றாயனைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவன் உளியும் சின்னச் சுத்தியும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"அண்டா குண்டாவெல்லாம் எடுத்தாங்க அக்கா."

"அது கெடக்குது. மொதல்ல இந்த ஜாக்கிக்கு வெட்டு."

கல்யாண வூட்டுக்கு இரவல் போகிற பாத்திரம் ஆள் மாறிப் போகாமல் இருக்கத்தான் பேர் வெட்டுவது. எங்களுக்கு எழுத்துத் தெரியாது, அதனால் அடையாளம்தான். சிலுவை எல்லாக் கிறிஸ்தவர் வூட்டுப் பாத்திரத்திலும் இருக்கும் என்று, சிலுவைக்குக் கீழே ரெண்டு புள்ளி சேர்த்து வைத்தது எங்கள் ஆத்தா. அதே அடையாளத்தை ஜாக்கி, ஸ்பேனர், பேட்டரிப் பெட்டி, ஸ்டெப்னி வளையம் என்று ஒன்று விடாமல் வெட்ட வைத்தாள். "எஞ்சினுக்கு மூக்கு குத்தணுமா அக்கா?" என்று சென்றாயன் கேட்டான். ஊரே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

மாடு விற்று, வேனை விற்காமல் வைத்துக்கொண்டாள். ஓட்டுவதற்கு மாது என்று ஒரு பையன். பையன் என்றா சொன்னேன், கல்யாணமாகி ரெண்டு பிள்ளை பெற்றவன். இண்டூரில் பாலைக் கேனில் ஏற்றி விடிகாலையில் தர்மபுரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே பால் எடுக்கிற நேரம் தப்பினால் கேனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த ஓட்டம்தான் அவளுக்குச் சோறு.

நெருக்கடி நிலை என்று ரேடியோவில் சொன்னார்களே, அந்த வருஷம் கோடையில் வேனுக்குப் புதுசாக நாலு ஹீட்டர் பிளக் வாங்கினாள். டீசல் எஞ்சின் குளிர்ந்து கிடந்தால் சட்டென்று பிடிக்காது. உள்ளே சூடு ஏற்றுவதற்கு இந்தப் பிளக். டிரைவர் முன்னால் உள்ள குமிழை இழுத்துப் பிடித்தால், நாலும் சூடாகும்போது அங்கேயே ஒரு சுருள் கம்பி அடுப்புத் தணல் மாதிரிச் சிவக்கும். சிவந்த பிறகு ஸ்டார்ட் பண்ண வேண்டும். அந்த நாலு பிளக்குக்கும், மாட்டுவதற்கு முன்னால், நட்டு மாதிரி ஆறு பட்டையாக இருக்கிற இடத்தில் அடையாளம் வெட்ட வைத்தாள். சென்றாயன் அன்றைக்குச் சிரிப்பதை விட்டுவிட்டான்.

கார்த்திகை பிறந்து பனி இறங்கியதும் வேன் மக்கர் பண்ண ஆரம்பித்தது. குமிழை இழுத்தால் கம்பி சிவக்கவே இல்லை. பால் ஊற்ற வந்தவர்கள் கேனை வைத்துவிட்டு வண்டியைத் தள்ளினார்கள். ஒரு நாள் பிடிக்கும். ஒரு நாள் கோயில் மேடு வரைக்கும் தள்ளினாலும் இருமிவிட்டு நிற்கும். மார்கழியில் ரெண்டு தடவை பால் திரும்பி வந்தது. பால் சங்கத்துக்காரர் வந்து, திங்கட்கிழமையும் நேரம் தப்பினால் ஓட்டத்தைப் பெரியநாயகத்தின் வேனுக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரியநாயகம் வேறு யாருமில்லை. சவுரியப்பனின் தம்பி, ஞானமேரிக்குக் கொழுந்தன். பென்னாகரம் ரோட்டில் வூடு. அவனிடமும் இதே மாதிரி வேன் ஒன்று உண்டு. சங்கத்துக்காரர் போன மறுநாளே வந்து நின்றான்.

"அண்ணி, பொம்பளையா இருந்துக்கிட்டு இந்த இரும்போட ஏன் மாரடிக்கறீங்க? எனக்கே குடுத்துடுங்க. வெலையைப் பேசிக்கலாம்."

"உன் வண்டி காத்தால பிடிக்குதா தம்பி?"

"தொட்டா பிடிக்குது."

"நல்லா இருக்கட்டும்" என்றாள். அவன் போன பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, பிளக்கைக் கழட்டிப் பாக்கலாம்னு நான் சொல்லும்போதெல்லாம் மாது சாக்கு சொல்றான், கவனிச்சியா?"

கவனித்திருந்தேன். எஞ்சின் சூடாக இருக்கிறது என்பான். ஸ்பேனர் பொருந்தாது என்பான். பட்டறையில் கொடுத்தால் ஒரே நாளில் முடியும் என்பான். பட்டறைக்காரனோ, நாலையும் தூக்கிப்போட்டுப் புதுசு மாட்டணும், புதுசு சேலத்திலிருந்து வரணும், வாரமாகும் என்கிறான். மாது விலை போய்விட்டான் என்றே நான் நினைத்தேன். அப்படியே அவளிடம் சொல்லவும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஞானமேரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இன்னைக்கு வூட்லயே கழட்டறோம். என் கண்ணு முன்னாடி."

ரெண்டு சீட்டுக்கு நடுவில் இருக்கிற எஞ்சின் மூடியை மாது தூக்கினான். நாலு பிளக்கும் வரிசையாக இருந்தன. ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தடித்த கம்பி, அதிலிருந்து அடுத்ததற்கு. ஒன்று செத்தால் நாலும் செத்த மாதிரிதான். எது செத்தது என்று பார்க்க, மாது ஒரு துண்டுக் கம்பியை எடுத்து ஒவ்வொரு பிளக்கின் ரெண்டு முனையையும் இணைத்துப் பிடித்தான். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து குமிழை இழுத்துக்கொண்டு சுருள் கம்பியைப் பார்த்தேன். முதல் பிளக்குக்கு ஒன்றுமில்லை. ரெண்டாவதுக்கும் ஒன்றுமில்லை. மூணாவதில் வைத்ததும் பொறி பறந்தது, கம்பி கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

"மூணாவதுதான்" என்றேன்.

பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டு, பிளக்கைச் சுற்றியிருந்த அழுக்கைத் துணியால் துடைத்து, குழாய் ஸ்பேனர் போட்டு மெல்ல மெல்லத் திருப்பினான். பாதியில் முறிந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். அதனால்தான் இவ்வளவு மெதுவாகத் திருப்புகிறான் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பிளக் வெளியே வந்ததும் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டான்.

"கரி புடிச்சிருக்குதுங்க. தொட்டியில கழுவிக்கினு வர்றேன்."

"கையை விரி" என்றாள் ஞானமேரி.

"கழுவிட்டு..."

"விரிடா கையை."

விரித்தான். அவள் முந்தானையால் துடைத்தாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆறு பட்டையிலும் ஒன்றுமில்லை. குனிந்து, எஞ்சினில் இருந்த மற்ற மூன்றையும் விரலால் தடவினாள். மூன்றிலும் சிலுவை, கீழே ரெண்டு புள்ளி.

"இது எங்க வூட்டுப் பொருள் இல்லையே மாது. இது யார் வூட்டு மாப்பிள்ளை?"

மாது அப்படியே தரையில் குந்திவிட்டான். ஆவணியில் ஒரு நாள் தர்மபுரியில் பெரியநாயகத்தின் வண்டி நின்றிருந்ததாம். ஒரு பிளக் போய்விட்டது, ரெண்டு நாளில் தருகிறேன் என்று எங்கள் வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி வாங்கிக்கொண்டு, ஓட்டை அடைக்கத் தன்னுடைய செத்த பிளக்கை மாட்டிவிட்டானாம். பனி இல்லாத காலம், வண்டி பிளக் இல்லாமலே ஓடிற்று. பனி வந்ததும் மாது போய்க் கேட்டிருக்கிறான்.

"தர்றேன் போடான்னாருங்க. அண்ணி காதுல போட்டா உன் வேலைதான் போவும், என் பேச்சை நம்புவாங்களா உன் பேச்சை நம்புவாங்களான்னு கேட்டாருங்க. மொதலாளி தம்பி கேக்கறப்ப நான் எப்பிடிங்க இல்லைங்கறது?"

"எடுத்துக் குடுத்ததுக்கு உன்னைக் கேக்கலடா. மார்கழி முழுக்க ஊர் சனம் வண்டியைத் தள்ளுது, நீயும் பின்னால நின்னு தள்ளற. வாயில என்னா வெச்சிருந்த?"

மாது எழுந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டான்.

செத்த பிளக்கைத் துணியில் சுற்றித் தூக்குப்போசியில் போட்டுக்கொண்டாள். மூணு பேரும் பஸ் ஏறிப் பெரியநாயகம் வூட்டுக்குப் போனோம். வேன் வாசலில் நின்றது. அவன் பெண்டாட்டி எங்களைப் பார்த்ததும் காப்பி கொண்டுவந்தாள்.

"காப்பி அப்புறம் குடிக்கறேன்மா. குடிச்சுட்டா கேக்கறதுக்கு வாய் வராது." கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "தம்பி, எங்க வூட்டுப் பாத்திரம் ஒண்ணு தவறி உங்க வூட்டுக்கு வந்துடுச்சு. எடுத்துக்கினு போலாம்னு வந்தேன்."

"என்னா பாத்திரம் அண்ணி?"

"எஞ்சின் மூடியைத் தூக்கு."

"இந்த மாது எதையாவது சொல்லியிருப்பான். குடிகாரப் பய."

"அவன் குடிக்கறானா இல்லையான்னு நான் அப்புறம் மோந்து பாத்துக்கறேன். நீ மூடியைத் தூக்கு."

பக்கத்து வூட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். அவன் தூக்கித்தான் ஆக வேண்டியிருந்தது. ஞானமேரி விரலில் துணியைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கடைசிப் பிளக்கில் விரல் நின்றது. "அக்கா, நீயும் பாரு" என்றாள். பார்த்தேன். சிலுவை, கீழே ரெண்டு புள்ளி.

பெரியநாயகம் தலையைச் சொறிந்தான். "மறந்தே போயிட்டேன் அண்ணி."

"மறதி வர்ற வயசா உனக்கு? கழட்டு மாது."

மாது கழற்றினான். தூக்குப்போசியில் இருந்ததை எடுத்துக் கொழுந்தன் கையில் வைத்தாள். "இது உன்னது. ஓட்டையை அடைச்சுக்கோ." பிறகு உட்கார்ந்து காப்பி குடித்தாள். ஆறிப்போயிருந்தது, ஆனாலும் குடித்தாள்.

வூட்டுக்கு வந்து, பிளக் போகிற துளையில் கரி சுரண்டி, இருட்டுவதற்குள் மாட்டினார்கள். மறுநாள் விடிகாலை மாது குமிழை இழுத்தான். கம்பி சிவந்தது. ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு ஞானமேரியும் கூடவே ஏறிப் போனாள், நானும் போனேன். பால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஓட்டம் அவளிடமே நின்றது.

திரும்பி வரும்போது வழியில் பெரியநாயகத்தின் வேனைச் சனங்கள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். "நிறுத்து" என்றாள் ஞானமேரி. "எறங்கி ஒரு கை குடு." மாது இறங்கிப்போய்த் தள்ளினான். இவள் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாதுவை நிறுத்திவிடு என்று நான் எத்தனையோ சொன்னேன். கேட்கவில்லை. "வேற ஆளை வெச்சா அவன் என்னா பண்ணுவான்னு எனக்குத் தெரியாது அக்கா. இவன் என்னா பண்ணுவான்னு தெரியும்" என்றாள். அதற்குப் பிறகு தினம் காலையில் மாதுவே மூடியைத் தூக்கி வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பான். அவள் நாலு அடையாளத்தையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுப்பாள்.

ஒரு தரம் அவளுக்குக் காய்ச்சல் என்று என்னை அனுப்பினாள். நானும் நாலையும் தடவிப் பார்த்தேன். மூணாவதை ரெண்டு தரம் தடவினேன். மாது சிரித்தான். நான் சிரிக்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, வண்டி கோயில் மேட்டைத் தாண்டுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.