பியானோ பத்தாலியாவின் பனிமேடுகளில் குந்தாமல் இறங்குவது

பலெர்மோவில் இருந்துகொண்டு பனிச்சறுக்கா என்று சிரிப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்கிறேன். மொந்தெல்லோக் கடற்கரையில் ஐஸ்கிறீம் விற்கிற அதே ஞாயிற்றுக்கிழமை, ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் தள்ளி மதோனியே மலைகளில் முழங்கால் அளவு பனி கிடக்கும். நானும் பல வருடம் நம்பாமல் இருந்தவள்தான்.

போனதற்குக் காரணம் என் மகள் ஆரணி. வயது பதினைந்து. சிநேகிதியின் குடும்பத்தோடு இரண்டு குளிர்காலம் போய்ச் சறுக்கப் பழகியவள். வருகிற மார்ச்சில் பள்ளிக்கூடத்தில் ஒரு கிழமை வடக்கு மலைகளுக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று வந்து கேட்டாள். "ஏலாது" என்றேன். போன வருடம் அப்படிப் போன ஒரு பிள்ளை பனிமேட்டில் விழுந்து, முழங்காலில் கட்டோடு திரும்பி வந்ததைக் கண்ணால் கண்டவள் நான்.

"அம்மா, நீங்கள் ஒருநாளும் பனியிலை நிண்டதில்லை. பிறகு என்னெண்டு பயம் எண்டு சொல்லுறியள்?" என்று கேட்டாள்.

கேள்வி நியாயமானது. அதனால்தான் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் பிள்ளையை எங்கே அனுப்புவதானாலும் தாயோ தகப்பனோ முதலில் போய் இடத்தைப் பார்த்து வருவோம். நீச்சல் வகுப்பு, பிறந்தநாள் வீடு எல்லாவற்றுக்கும் அதுதான் வழக்கம். பனிக்கு மட்டும் என்ன விதிவிலக்கு? "சரி, நானும் பழகிறன். பனிமேட்டாலை நான் விழாமல் இறங்கினா நீ போ. விழுந்தா அந்தக் கதையே வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கு நாற்பத்தாறு வயது என்பது நினைவுக்கு வந்தது.

பனிமேடு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: பலர் ஒரே சரிவில் திரும்பித் திரும்பிச் சறுக்கும்போது பனி அங்கங்கே குவிந்து எழும்பிவிடும். நடுவில் பள்ளம் விழும். இங்கே அதைக் கொப்பே, அதாவது கூன்கள் என்பார்கள். எங்களுக்குக் கிட்ட உள்ள பியானோ பத்தாலியா மலையில் சறுக்குப் பாதைகள் கொஞ்சம், வருகிற சனம் அதிகம். ஆகவே மேடுகளுக்குப் பஞ்சமில்லை.

ஜனவரியில் ஓய்வு கிடைத்த ஞாயிறுகளில் போய்ச் சாதாரணச் சரிவில் இறங்க, திரும்ப, நிற்கப் பழகினேன். மற்ற நாட்களில் லிபெர்த்தா வீதியில், சின்யோரா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு வயதான அம்மாவைப் பராமரிக்கிற வேலை. பெப்ரவரிக் கடைசி ஞாயிறு, பனிமேட்டுக்கு நாள் குறித்தோம்.

காலை ஆறரைக்கு ஒரேத்தோவில் எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டோம். என் கணவர் ரவி கார் ஓட்டினார். கத்தானியா பக்கம் போகும் நெடுஞ்சாலையில் ஏறி, புவொன்ஃபொர்னெல்லோவில் இறங்கி, கொலெசானோ ஊடாக மலை ஏறவேண்டும். கொலெசானோவில் கோப்பி குடிக்க நிறுத்துங்கள். அதற்குப் பிறகு வளைவுக்கு மேல் வளைவு, வயிறு பொல்லாதவர்கள் முன் சீற்றில் இருப்பது நல்லது. டயர்ச் சங்கிலி இல்லாமல் குளிர்காலத்தில் அந்தப் பாதையில் ஏறாதீர்கள். எங்களுக்கு இரண்டேகால் மணித்தியாலம் எடுத்தது.

ரவி சறுக்குவதில்லை. வுச்சீரியாச் சந்தையில் ஓர் உணவகத்துச் சமையலறையில் நிற்கிறவர். "தண்ணி உறைஞ்சா அது ஃபிரிட்ஜுக்குள்ளை இருக்கவேணும். மலையிலை அதுக்கென்ன வேலை?" என்பது அவருடைய கொள்கை. மீன் ரோல்ஸும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் கட்டிக்கொண்டு, கீழே வாங்கில் இருப்பதற்கென்றே வந்தார்.

சறுக்குப் பலகை, சப்பாத்து, கைத்தடிகள் எல்லாம் வாடகைக்கு எனக்கு இருபத்திரண்டு யூரோ வந்தது. மேலே கொண்டுபோகும் தொங்குகதிரைக்கு ஒருநாள் சீட்டு முப்பது யூரோவுக்குக் கொஞ்சம் கூட. விலை வருடத்துக்கு வருடம் மாறும், போக முன் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகைக் கடையில் உங்கள் உயரத்தைவிடக் குட்டையான, வளைந்து கொடுக்கிற பலகையைக் கேளுங்கள். நீளமான விறைத்த பலகை பனிமேட்டில் உங்கள் சொல்லுக் கேட்காது.

ஒன்பதரைக்கு மேலே ஏறிப் பார்த்தபோது மேடுகள் இரவுக் குளிரில் இறுகிக் கல்லாக இருந்தன. இது முக்கியம்: காலையில் பனிமேட்டுக்குப் போகாதீர்கள். பதினொரு மணிக்கு மேல் வெயில் பட்டு மேற்பனி இளகும். மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு அதே பனி ஈரமாகிக் காலைப் பிடித்து இழுக்கும். இடையில் கிடைக்கிற அந்த மூன்று மணித்தியாலம்தான் எங்களைப் போன்றவர்களுக்கு.

சறுக்கு ஆசிரியர் சால்வோவை ஒரு மணித்தியாலம் பிடித்திருந்தேன். அந்த ஊர்க்காரர், பொறுமைசாலி. அவர் சொல்லித் தந்தது இவ்வளவுதான். காலடியைப் பார்க்காதே, இரண்டு மேடு தள்ளிப் பார். இரண்டு கையும் எப்போதும் உடம்புக்கு முன்னால் இருக்கட்டும். மேட்டின் உச்சியில் கைத்தடியைத் தொட்டு அங்கேயே திரும்பு, ஏனென்றால் உச்சியில் நிற்கும்போது பலகையின் இரு நுனியும் காற்றில் இருக்கும், திருப்புவது சுகம். பிறகு மேட்டின் மறுபக்கத்தில் பக்கவாட்டாக வழுக்கி வேகத்தைக் குறை. மேடு வந்து முட்டும்போது முழங்காலை மடக்கு, பள்ளத்தில் நீட்டு.

முழங்காலை மடக்கு என்றாரே, அங்கேதான் வினை. சின்ன வயதிலிருந்து குந்தியிருந்து காய் வெட்டி, குந்தியிருந்து உடுப்புத் தோய்த்த எங்கள் உடம்புக்கு மடக்குவது என்றால் ஒன்றுதான் தெரியும். குதியில் பாரத்தைப் போட்டுப் பின்பக்கத்தைக் கீழே விடுவது. சால்வோ "மடக்கு, மடக்கு" என்று கத்தக் கத்த நான் இன்னும் வடிவாகக் குந்தினேன். குதியில் பாரம் விழுந்தால் பலகையின் முன்நுனி எழும்பிவிடும். பிறகு அது போகிற பக்கம்தான் நீங்களும் போகவேண்டும். சறுக்குச் சப்பாத்தோடு இவ்வளவு பதியக் குந்தக்கூடிய ஆளைத் தான் இதுவரை கண்டதில்லை என்று சால்வோ தலையைச் சொறிந்தார். நேரம் முடிந்து அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

பதினொன்றரைக்கு நானும் ஆரணியும் மட்டும் சரிவின் மேலே நின்றோம். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. ஒரு கிழமை வடக்கு மலை என் முழங்காலில் தொங்குகிறது என்று அவளுக்குத் தெரியும். முதல் மேடு சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவதில் பயம் வந்தது. பயம் வந்ததும் குந்தினேன். பலகை என்னை விட்டுவிட்டு முன்னால் பாய, தோள் அடிபட விழுந்து, உருண்டு, பள்ளத்துக்குள் கிடந்தேன்.

எழும்ப முதல் எனக்குள் ஓர் ஆறுதல் வந்ததை மறைக்க விரும்பவில்லை. விழுந்தாயிற்று, இனி அனுப்பத் தேவையில்லை. அந்த எண்ணம் வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்தது.

ஆரணி எனக்கு மேல்பக்கத்தில் வந்து, கைத்தடிகளைக் குறுக்காக உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேட்டுக்குப் பின்னால் விழுந்து கிடப்பவரை மேலிருந்து வருபவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குக் காட்டத்தான் அப்படி நின்றாள். நான் சொல்லிக் கொடுத்ததல்ல.

"நோகுதோ அம்மா?"

"தோள் கொஞ்சம். கால் பிரச்சினை இல்லை."

"நீங்கள் குந்துறியள். அதுதான் பிழை. சின்யோராவைக் கட்டிலாலை எழுப்பேக்கை நீங்கள் குந்துறேல்லைத்தானே? அப்ப எப்பிடி நிப்பியள்?"

எப்படி நிற்பேன்? ஒரு நாளைக்கு எத்தனை தரம் செய்கிற வேலை! நெஞ்சை அவருக்கு மேலே கொண்டுபோய், முழங்காலை முன்னால் விட்டு, பாதம் முழுவதிலும் பாரத்தை வைத்து எழுப்புவேன். குதியில் நின்றால் இருவரும் விழுவோம். எழும்பி, பனியிலேயே அப்படி நின்று பார்த்தேன். கீழ்க்கால் எலும்பு சப்பாத்தின் முன்பக்கத்தில் போய் அழுத்தியது. சால்வோ ஒரு மணித்தியாலமாகக் கேட்டது இதைத்தான்.

"அமுனீ" என்றாள் ஆரணி. போவம் என்பதற்குப் பலெர்மோப் பிள்ளைகள் சொல்வது. "காலைப் பாக்காதேங்கோ. என்ரை முதுகைப் பாத்துக்கொண்டு வாங்கோ."

அவள் முன்னால், நான் பின்னால். அவள் திரும்பிய உச்சியில் நானும் திரும்பினேன், அவள் வழுக்கிய இடத்தில் நானும் வழுக்கினேன். ஒவ்வொரு நாலைந்து மேட்டுக்கும் ஓரமாக ஒதுங்கி, மேலே ஒரு தரம் பார்த்து, நான் மூச்சு வாங்கும்வரை நின்றாள். அவசரப்படுத்தவில்லை. சின்யோராவோடு நான் நடக்கிறபோது எப்படி நடப்பேனோ அப்படிப் போனாள். மிச்சச் சரிவு முழுவதிலும் நான் விழவில்லை.

கீழே ரவி தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். "விழுந்தனீரே?"

"ஓம். ஒருக்கா."

ஆரணி குனிந்து சப்பாத்தின் பூட்டுகளைக் கழற்றத் தொடங்கினாள்.

போக நினைப்பவர்களுக்கு இன்னும் சில. சாதாரணச் சரிவில் நினைத்த இடத்தில் நிற்க வராதவரை பனிமேட்டுக்குப் போகவேண்டாம். முதல் தரம் நேரே இறங்காமல், சரிவைக் குறுக்காகக் கடந்து, ஓரத்தில் நின்று திரும்புங்கள். களைத்தால் ஓரத்துக்குப் போய் நில்லுங்கள், மேட்டுக்குப் பின்னால் ஒருபோதும் நிற்காதீர்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் அன்றைய நாள் போச்சு. திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு தரத்தோடு நிறுத்துங்கள், மூன்றாவதில்தான் கால் சோர்ந்து முழங்கால் திருகும். முன்னால் போக ஒரு ஆள் இருந்தால் பெரிய உதவி.

இரண்டரைக்குத் திரும்பினோம். கொலெசானோவுக்குக் கீழே, கடல் தெரிகிற வளைவில், பின் சீற்றிலிருந்து ஆரணி சொன்னாள்: "நாளைக்குப் பள்ளிக்கூடத்திலை ப்ரொஃபெஸ்ஸொரெஸ்ஸாவிட்டை நான் மலைக்கு வரேல்லை எண்டு சொல்லிவிடுறன்."

"ஏன்?"

"நீங்கள் விழுந்திட்டியள்தானே."

பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த ரவி என்னைப் பார்த்தார். நான் திரும்பவில்லை, கழுத்து திரும்புகிற நிலையில் இல்லை.

"விழுந்தது நான் பிள்ளை. போறது நீ. நீ எப்பிடிப் போவாய் எண்டு பாக்கத்தானே நான் வந்தனான்? மேலையிருந்து கீழை வரைக்கும் பின்னாலை வந்து பாத்திட்டன். போயிட்டு வா."

பின்னாலிருந்து ஒரு கை வந்து என் தோளை இறுக்கிப் பிடித்தது. அடிபட்ட தோள். உயிர் போகிற வலி. பலெர்மோ வரும்வரை அந்தக் கையை எடுக்கச் சொல்லவில்லை.