எல்லக் குளிரில் ஏசி எதற்கு?

போர் ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலம். பதுளையில் நான் ஏசி திருத்தும் கடை வைத்திருந்தேன். மலையூரான எல்லவில் நிற்கும் ஒரு வேனின் ஏசியைப் பார்க்க வரச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கட்டிலும் அடுப்பும் வைத்து அதையே வீடாக்கி, மனைவியோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தக் குளிரில் ஏசி எதற்கு என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

“காத்துப் போதாது தம்பி,” என்றார்.

ஏசியில் காஸ் சரியாக இருந்தது, விசிறியும் சுற்றியது. காற்றை உள்ளே இழுக்கும் கம்பி வலையைக் கழற்றினேன். உள்ளே ஒரு கம்பளிச் சால்வை!

“நான்தான் அடைச்சனான். குளிர் தாங்கேலாமல் கிடந்தது,” என்றார் அவர் மனைவி வெட்கத்துடன். மூவரும் சிரித்துவிட்டோம்.

சால்வையை எடுத்ததும் குளிர்காற்று முகத்தில் அறைந்தது. எனக்கே உடம்பு நடுங்கியது. ஆசிரியரோ சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி, “இன்னும் போதாது,” என்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

அப்போதுதான் எனக்குப் பொறிதட்டியது. “ஐயா, இது ஏசிக் கோளாறு இல்லைங்க. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

வேனை நானே பதுளைக்கு ஓட்டினேன். மாரடைப்பு என்றார் டாக்டர், தாமதித்திருந்தால் ஆபத்தாம். அவர் பிழைத்துக்கொண்டார்.

இப்போதும் யாராவது குளிர் போதவில்லை என்றால், கருவியைத் திறக்கும் முன் அவர் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.