விரதத்தில் நின்றுபோன மாத்திரை

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், கிடைத்து ஒரு பத்து வருடம் ஆகியிருக்கும். மலாக்காவில் காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் பஸ் கண்டக்டர். தெங்கேராவிலிருந்து டவுன் வழியாக உஜோங் பாசிர் வரை நாள் முழுக்கக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தாலும் அதே குரல்தான் வரும். "ஏங்க இப்படிக் கத்துறீங்க, நான் என்ன பின்சீட்டுலயா உக்காந்திருக்கேன்?" என்று என் மனைவி சிரிப்பாள். அப்படிப்பட்ட வாயையே அடைத்துவிட்ட சம்பவம் இது.

எங்களுக்கு நான்கு பிள்ளைகள். நான்காவது பிறந்தபோது அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "முருகா, இவளைத் திருப்பிக் கொடுத்துடு, உனக்குக் காவடி எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். பிழைத்துவிட்டாள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, இன்னொரு பிள்ளை என்றால் அவள் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். ஆபரேஷன் செய்துகொள்ளலாம், ஆனால் உடம்பு நன்றாகத் தேறிய பிறகுதான் என்றார். அதுவரைக்கும் என்ன செய்வது?

என் பஸ்ஸில் தினமும் காலையில் ஏறும் தமிழ் மிஸி ஒருவர் இருந்தார். நர்ஸைத்தான் நாங்கள் மிஸி என்போம். தாய்மார்களைப் பார்க்கும் கிளினிக்கில் அவருக்கு வேலை. வெட்கத்தை விட்டு அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பிள்ளை பால்குடி மறந்ததும் மனைவியை வரச்சொல்லி, அங்கிருந்த டாக்டரிடம் காட்டி, ரத்த அழுத்தம் பார்த்து, தலைவலி உண்டா, கால் வீங்குமா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டு, குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தார். அப்போது அது எங்கள் பக்கத்துக்கே புதுசு. மூன்று வாரம் தினமும் ராத்திரி ஒரே நேரத்தில் ஒன்று, பிறகு ஒரு வாரம் நிறுத்தம், அந்த வாரத்தில் மாதவிலக்கு வரும், பிறகு அடுத்த அட்டை. "சோறு மறந்தாலும் இதை மறக்காதேம்மா" என்றார்.

என் மனைவியா மறப்பாள்! சாவின் வாசல்வரை போய் வந்தவள். ராத்திரி ரேடியோவில் செய்தி தொடங்கியதும் மாத்திரையை விழுங்கிவிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்து என்னிடம் காட்டுவாள். மிஸியோ பஸ்ஸில் ஏறியதும், "என்ன தம்பி, வீட்டுல மாத்திரை ஒழுங்கா போடுதா?" என்று சத்தமாகக் கேட்பார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். "போடுது மிஸி, போடுது" என்று சொல்லிவிட்டு டிக்கெட் கட்டோடு பின்பக்கம் ஓடிவிடுவேன்.

தைப்பூசம் நெருங்கியது. வேண்டுதலை நிறைவேற்ற வேண்டாமா? ஒரு மண்டலம் விரதம் பிடித்தேன். மீன் வாசமே வீட்டில் இல்லை. முன்கூடத்தில் பாய் போட்டுத் தனியாகப் படுத்தேன். அவள் கைபடாமல்தான் தட்டை வாங்குவேன். அந்த நாட்களில் மிஸி வழக்கம்போல மாத்திரையைப் பற்றிக் கேட்டபோதுகூட, "ஐயோ மிஸி, விரதத்துல இருக்கேன், அந்தப் பேச்சு வேணாம் லா" என்று காதைப் பொத்திக்கொண்டேன். அவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

காவடியை நல்லபடியாக இறக்கினேன். என் ஜென்மமே நிறைந்த மாதிரி இருந்தது. விரதம் முடிந்து பழையபடி உள்ளறைக்குப் படுக்கப் போனேன். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் குழாயடியில் அவள் குமட்டிக்கொண்டு நின்றாள். மாத்திரை ஆரம்பித்த புதிதிலும் அப்படி இருந்ததால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் முகம்தான் சரியில்லை. "தள்ளிப் போயிருக்குங்க" என்றாள் மெதுவாக. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அதெப்படித் தள்ளிப்போகும்? தினமும் போட்டாயா இல்லையா? "சத்தியமா ஒரு நாளும் மறக்கலங்க" என்று தலையில் கையை வைத்துச் சொன்னாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அன்றே அவளைக் கூட்டிக்கொண்டு, வீட்டிலிருந்த மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன்.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, கர்ப்பம்தான் என்று சொல்லிவிட்டார். மிஸிக்கு நம்ப முடியவில்லை. அட்டைகளை வாங்கிப் பார்த்தார். ஓர் அட்டையில் பாதி மாத்திரை அப்படியே இருந்தது. அடுத்தது பிரிக்கப்படவே இல்லை.

"இது என்னம்மா?" என்றார்.

"அது இவர் விரதத்துல இருந்தப்ப உள்ளது மிஸி. இவர்தான் தனியா முன்னால படுத்திருந்தாரே, அப்ப எதுக்கு மாத்திரை? நீங்களே ஒரு வாரம் நிறுத்தச் சொல்லுவீங்கதானே, நிறுத்தினா தப்பில்லன்னு நினைச்சேன். ஆனா விரதம் முடிஞ்ச அன்னிக்கு, இவர் உள்ள வர்றதுக்கு முன்னாடியே மறக்காம ஒண்ணு போட்டுட்டேன். அதுக்கப்புறம் அந்த மாசத்து அட்டையில தினமும் போடுறேன்."

கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்ட பெருமை அவள் குரலில் இருந்தது. மிஸி தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அடக் கடவுளே! விரதம் உன் புருஷனுக்குத்தானம்மா, மாத்திரைக்கு இல்லையே! இது தலைவலி மாத்திரையா, வலிச்சாப் போட்டுக்க? புருஷன் பக்கத்துல இருந்தாலும் இல்லாட்டியும் தினமும் உள்ள போகணும். அந்த ஒரு வாரத்துக்கு மேல ஒரு நாள் தள்ளினாலும் காவல் போச்சு. விட்டுட்டு மறுபடி ஆரம்பிச்சா, ஒரு வாரமாவது விடாமப் போட்ட பிறகுதான் நம்பலாம். ஒண்ணு போட்டுட்டு வந்து நிக்கிறியே!"

பிறகு என்னைப் பார்த்தார். "அன்னிக்கு நீ காதைப் பொத்தினப்ப நான் விட்டிருக்கக் கூடாது தம்பி" என்றார். அவர் கண்ணும் கலங்கிவிட்டது.

என்னை உலுக்கியது எது தெரியுமா? அவள் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது! அன்று என்னைக் கேட்டிருந்தால், "ஆமாம், எதுக்கு வீணா, நிறுத்திடு" என்று நானே சொல்லியிருப்பேன். அவள் உயிருக்காக நேர்ந்த காவடி, அதற்காகப் பிடித்த விரதம், அதனாலேயே அவள் உயிருக்கு மறுபடியும் ஆபத்து. முருகா, இது என்ன விளையாட்டு? என் மனைவி அழவில்லை. "நாலு பிள்ளைங்களையும் யாருங்க பாத்துக்குவா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை எப்படித் தள்ளினோம் என்று தெரியவில்லை. பஸ்ஸில் ஸ்டாப் பெயரைக் கூப்பிடக்கூட எனக்குக் குரல் எழும்பவில்லை. பிரசவத்துக்கு முன்பே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தம் தயாராக வைக்கச் சொன்னார்கள். என் பஸ்ஸின் மலாய் டிரைவரும் சீன டிக்கெட் பரிசோதகரும் வேலை முடிந்த கையோடு காக்கிச் சட்டையுடனே வந்து ரத்தம் கொடுத்தார்கள். பயந்தது போலவே ரத்தம் கொட்டியது. ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். "பொம்பளைப் பிள்ளை. அம்மாவும் பொழச்சிட்டாங்க" என்று, எங்களுக்காக வந்திருந்த அந்த மிஸி உள்ளே விசாரித்துவிட்டு வந்து சொன்னதும், அத்தனை பேர் முன்னால் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அடுத்த வருடம் கோவிலில் காவடிக்காரர்களுக்குக் காப்புக் கட்டிய நாள். கைக்குழந்தையோடு நாங்களும் போயிருந்தோம். காப்புக் கட்டிக்கொண்ட ஓர் இளைஞனின் பக்கத்தில் அவன் மனைவி நின்றிருந்தாள். என் மனைவி நேரே அவளிடம் போய், "மாத்திரை போடுறியாம்மா? இவரு விரதத்துல இருக்கறார்னு அதை நிறுத்திடாதே. தினமும் போடணும், தெரிஞ்சுக்க" என்றாள். காதோடு சொன்னாலும் பரவாயில்லை, ஊருக்கே கேட்கும்படிச் சொன்னாள்! அந்தப் பெண் கூசிப்போய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "கோவில்ல பேசற பேச்சா இது?" என்று பெரியவர் ஒருவர் சீறினார். எனக்கு மானமே போய்விட்டது. கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை. "செத்துப்போக இருந்தவ நானு. சாமி காதுல விழுந்தா விழட்டும்" என்றாள்.

இழுத்த கையை விட்டுவிட்டு நானும் அவள் பக்கத்திலேயே நின்றேன். பிறகு வந்த ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அவள் அப்படிக் கேட்டாள், நானும் கூடவே நின்றேன். கேட்கவே தேவையில்லை, இது சரிதான் என்று நமக்கு எது நிச்சயமாகத் தோன்றுகிறதோ, அதைத்தான் முதலில் வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்பதை நான் அவளைக் கிட்டத்தட்டப் பறிகொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.