ஊவா மலையில் நான் இழைத்த ஆறு கதவுகள்

ஸ்பானிஷ் கற்கப் போகிறேன் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, சிங்களம் கற்றுக்கொண்டு திரும்பிய ஒரே ஆள் எங்கள் கல்லூரியில் நானாகத்தான் இருப்பேன். மதுரைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் தச்சுப் பட்டறை பயிற்றுநர் நான். பதினாறு வருஷம் ஒரே பட்டறையைப் பார்த்துச் சலித்துப்போய், சம்பளமில்லாமல் மூன்று மாதம் விடுப்பு வாங்கினேன். பெரு நாட்டில் ஏதாவது மலைக் கிராமத்தில் தொண்டு வேலை, அப்படியே ஸ்பானிஷ் என்பது திட்டம். விமான டிக்கெட் விலையைப் பார்த்ததும் ஸ்பானிஷ் ஆசை அடங்கிவிட்டது. தொண்டு வேலைக்கு ஏற்பாடு செய்தவர், "மலை வேணும், புது மொழி வேணும், அவ்வளவுதானே? இலங்கைக்குப் போங்க," என்றார். அக்டோபர் முதல் வாரம் கிளம்பினேன்.

கொழும்புக் கோட்டையில் காலை 5.55க்கு ரயில். அப்புத்தளையில் இறங்கும்போது மதியம் இரண்டரை. அங்கிருந்து பெரகலைக்கு பஸ்ஸில் அரை மணி நேரம், அறுபது ரூபாய் கொடுத்தேன். பெரகலைச் சந்தியில் பிளேன்டீயும் பருப்பு வடையும் சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஒன்பது கிலோமீட்டர், ஆயிரத்து ஐநூறு ரூபாய். ஆட்டோக்காரர் கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு வர மாட்டேன் என்றார். "மழை பேஞ்ச ரோடுங்க, நடந்து போயிருங்க." பேரம் பேசுகிறார் என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே திரும்பிப் போய்விட்டார்.

நான் தங்கிய தேயிலைத் தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கிருப்பவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. சரிவை ஒட்டி ஆறு வீடுகள் கொண்ட ஒரு பழைய லயம். பகலில் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவை ஒட்டி எனக்கு ஓர் அறை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பது என் வேலை. எனக்குச் சிங்களம் சொல்லிக் கொடுத்தவர் குமாரி. கீழே ரோட்டோரம் வீடு. லயத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த மழைமானியைப் பார்த்து அளவெடுத்து, அனர்த்த அலுவலகத்துக்கு, அதாவது நம்மூர்ப் பேரிடர் அலுவலகம் மாதிரி, போன் பண்ண தினமும் மேலே வருவார்.

அந்த ஊரில் காலை பத்து மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிடும். பேச்சுக்குரல் பக்கத்தில் கேட்கும், ஆள் இருக்க மாட்டார். இரண்டாவது வாரம் லயத்து நாய்கள் எல்லாம் கீழே கோயிலடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டன. சோறு வைத்துக் கூப்பிட்டாலும் மேலே வரவில்லை. கொழுந்து பறிக்கும் செல்வராணி அக்கா வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அவர் அடுப்படியில் உட்கார்ந்தால் தரைக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். அங்கே குழாயே கிடையாது. கைதவறிக் கீழே விழுந்த எலுமிச்சம்பழம் தானாக உருண்டு மூலைக்குப் போனது. எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் மலைநாட்டில் இதெல்லாம் சகஜம் போல என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் அக்கா, "தம்பி, கதவு புடிக்குதுங்க. தோளால முட்டுனாத்தான் மூடுது," என்றார். எனக்கு வாயெல்லாம் பல். நமக்குத் தெரிந்த வேலையாச்சே. "மழைக்கு மரம் ஊதிருக்கு அக்கா, அவ்வளவுதான்," என்று சொல்லி, இழைப்புளி ஒன்றை இரவல் வாங்கி மேல்மூலையைச் சீவிவிட்டேன். பஞ்சு மாதிரி மூடியது. அந்த வாரமே மற்ற ஐந்து வீட்டிலும் கூப்பிட்டார்கள். நாலு நாள் கழித்து அதே கதவுகள், அதே மேல்மூலை, மறுபடி சீவினேன். ஒவ்வொரு வீட்டிலும் டீயும் ரொட்டியும் கொடுத்தார்கள். இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவன் லயத்துக்கே செல்லப்பிள்ளை ஆகிவிட்டேன்.

நவம்பரில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை குமாரி வந்து, "இன்னைக்கு பாடம் நடந்து படிக்கிறது," என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். கையில் அனர்த்த அலுவலகம் கொடுத்த கேள்வித் தாள் ஒன்று. ஒவ்வொரு வாசலிலும் முதல் கேள்வி, "தொர வெஹெனவாத?" கதவு சரியாக மூடுகிறதா என்று அர்த்தம். எனக்கே புரிந்தது, பெருமையாக இருந்தது. ஆறு வீட்டிலும் ஒரே பதில்: "ஜம்முனு மூடுதுங்க."

லயத்துக்குப் பின்னால் போனோம். தேயிலைக்கு நடுவே கை நுழையும் அகலத்தில் மண் வெடித்திருந்தது. குமாரி அதைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். நிதானமாகச் சிங்களத்தில் சொன்னார்: "மேலே நிலம் வெடித்திருக்கிறது. கதவுகள் மட்டும் சரியாக இருக்கின்றன. அப்படியானால் வீடு இன்னும் அசையவில்லை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மரம் ஊதினால் எல்லாப் பக்கமும் ஊத வேண்டும். இங்கே மேல்மூலை மட்டும் இடித்தது, எதிர்ப்பக்கம் விரல் நுழையும் சந்து இருந்தது. கதவுச் சட்டமே சாய்ந்திருக்கிறது, அதாவது வீடே அசைந்திருக்கிறது. முதல் வருஷப் பையன்களுக்கு நான் நடத்துகிற பாடம் இது. இழைப்பதற்குச் சிங்களத்தில் என்ன சொல்வது என்று தெரியாமல், கையால் இழைத்துக் காட்டி, ஆறு விரலைக் காட்டினேன். குமாரி என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. உடனே போனை எடுத்தார்.

மதியத்துக்குள் அதிகாரிகள் வந்தார்கள். மாலை நாலு மணிக்குள் இருபத்திரண்டு பேரும் கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்கினோம். மூன்றாம் நாள் காலை, பனிக்குள்ளிருந்து லாரி ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு நீண்ட சத்தம். மூட்டம் விலகியபோது லயத்தின் கடைசி மூன்று வீடுகளைக் காணோம். அக்கா வீடு அதில் நடுவீடு.

போக நினைப்பவர்களுக்கு: அக்டோபர் முதல் ஜனவரி வரை அந்தப் பக்கம் மழை, முடிந்தால் பிப்ரவரியில் போங்கள். அட்டைக் கடிக்கு உப்பும், மாற்ற இரண்டு ஜோடி செருப்பும் அவசியம். தமிழே போதும் என்றாலும் நாலு வார்த்தை சிங்களம் கற்றுக்கொள்ளுங்கள். கைத்தொழில் தெரிந்தவர்கள் தாராளமாகப் போங்கள். ஆனால் எதையும் சரிசெய்யும் முன், அந்த வீட்டுக்காரர் அதை என்னவென்று நினைக்கிறார் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

கிளம்பும் அன்று பள்ளிக்கூட மண்டபத்தில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "மீரியபெத்தை மண்சரிவுல என் சித்தி போயிட்டாங்க தம்பி. கதவு புடிச்ச அன்னைக்கே எனக்கு நெஞ்சு திக்குன்னுச்சு. மூணு நாளு புள்ளைங்கள செருப்போடதான் படுக்க வச்சேன். அப்புறம் நீங்க வந்து மரம் ஊதிருக்குன்னு சொன்னீங்க. அன்னைக்குத்தான் செருப்பக் கழட்டச் சொன்னேன்."