இரண்டாவது வட்டம்

மாலை ஐந்து மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு நீலத் திரைச்சீலை. பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டர் அது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பலகைத் தடுப்பு, ஒவ்வொரு தடுப்புக்கும் ஒரு திரைச்சீலை. மின்விசிறிக் காற்றில் அவை ஒன்றன்பின் ஒன்றாக உப்பித் தணிந்தன. வெளியே தூறல். அறைக்குள் வெளிச்சம் நீலமாக இருந்ததால் உட்கார்ந்திருந்தவர்கள் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோலத் தெரிந்தார்கள்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் ஒன்று. என்னோடு வந்தவர் என் மனைவியின் அண்ணன். நீலசந்திராவில் குடியிருந்தார். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பதினான்கு வருடம் டெலிபோன் ஆபரேட்டர். அந்த மாதக் கடைசியில் அந்த எக்ஸ்சேஞ்சை மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். புதிதாக வந்த கருவி தானாகவே இணைப்புக் கொடுத்தது.

ஒரு புதிய தொலைபேசி உதவி மையம் பார்வையற்றவர்களை வேலைக்கு எடுக்கப்போகிறது என்று அவருடைய நண்பர் சொல்லியிருந்தார். விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான். அன்று மாலை ஆறு மணியோடு முடிகிறது. ஒருவர் ஒருமுறைதான் அனுப்பலாம். படிவத்தைத் தாங்களே நிரப்பினவர்களை முதல் குழுவில் கூப்பிடுவார்கள். பிறர் உதவியோடு நிரப்பினவர்கள் இரண்டாவது குழு, இடம் மிஞ்சினால். படிவத்தின் கடைசிக் கேள்வியே அதைப் பற்றியதுதான்.

அதனால் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ஒரு நிபந்தனை போட்டார்.

"கூட வாங்க மாப்ள. ஆனா வாய வீட்ல வெச்சுட்டு வாங்க."

"நான் எதுக்கு அப்ப?"

"பஸ்ல ஜன்னல் சீட்டு புடிக்க."

திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் மென்பொருளின் இலவசப் பிரதி ஒன்று அவரிடம் இருந்தது. அது நாற்பது நிமிடம் பேசும். பிறகு நின்றுவிடும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால்தான் மறுபடி பேசும். மையத்தை நடத்திய பெண்மணி கன்னடக்காரர், தமிழில் கன்னடம் கலந்து பேசுவார். அதை ஏற்றிக்கொள்ள அனுமதி கொடுத்து, சின்ன ஸ்பீக்கர் ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார். "சவுண்ட் கம்மி வைங்க அண்ணா, பக்கத்துல பசங்க சாட் மாடுத்தா இருக்காங்க."

குரல் பேசத் தொடங்கியது. அமெரிக்க ஆண் குரல், ஏற்ற இறக்கம் இல்லாதது. "எஸ். ரேடியோ பட்டன். நாட் செக்டு. நோ. ரேடியோ பட்டன். நாட் செக்டு." யாரோ தூக்கத்தில் பேசுவதுபோல இருந்தது. அவர் தலையைச் சாய்த்து, டெலிபோனில் தூரத்து ஊர் லைனைக் கேட்கும் பாவனையில் கேட்டார்.

"எஸ், நோ எல்லாம் சொல்றான். எதுக்கு எஸ்னு சொல்ல மாட்டேங்கறான் பாருங்க. எங்க வீட்டு ஓனர் மாதிரி."

காரணம் எனக்குத் தெரிந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு வரை நான் ஒரு நாளிதழில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அல்சூரிலேயே ஒரு சிறிய நிறுவனத்தில் இணையப் பக்கங்கள் அமைக்கும் வேலை. நாங்களும் இப்படித்தான் செய்தோம். இடது பத்தியில் கேள்வி, வலது பத்தியில் ஆம், இல்லை என்று இரண்டு சிறிய வட்டங்கள்; ரேடியோ பட்டன் என்பது அவைதான், தேர்ந்தெடுத்ததில் ஒரு புள்ளி விழும். இரண்டு பத்திக்கும் நடுவில் வெள்ளை இடம். அச்சுப் பக்கம்போல ஒழுங்காக இருக்கும். அந்த வெள்ளை இடத்தைக் கண் தாண்டிவிடும். குரலால் தாண்ட முடியவில்லை. வட்டத்துக்கு வந்ததும், அது எந்தக் கேள்விக்கு உரியது என்று சொல்ல அதனிடம் எதுவும் இல்லை.

அவர் பக்கத்தின் தலைக்குத் திரும்பிப் போய், எல்லாக் கேள்விகளையும் வரிசையாகக் கேட்டு மனப்பாடம் செய்தார். பிறகு வட்டங்களுக்கு வந்து விரல் மடக்கி எண்ணினார். பதினான்கு வருடம் எக்ஸ்டென்ஷன் எண்களை மனதில் வைத்திருந்தவருக்கு அது பெரிய பாரமில்லை. நேரம்தான் போயிற்று.

இரண்டாவது சிக்கல் படிப்பு பற்றிய கேள்வியில் வந்தது. என்னென்ன விடைகள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள அம்புக்குறி விசையை அழுத்தினார். எதைக் கேட்டாரோ அதிலேயே புள்ளி விழுந்தது. அடுத்ததைக் கேட்டால் அதற்குத் தாவியது. கடைசி வட்டத்தைத் தாண்டினால் மறுபடி முதல் வட்டம். கேட்பது வேறு, தேர்ந்தெடுப்பது வேறு என்ற வித்தியாசமே அங்கே இல்லை. ஒருமுறை விழுந்த புள்ளியை எடுக்கவும் வழியில்லை. எந்தப் பகுதியில் வேலை செய்ய விருப்பம் என்ற கேள்வியை விட்டுவிட நினைத்திருந்தார். காது கொடுத்த தோஷத்துக்கு, போயே இராத ஒயிட்ஃபீல்டுக்கு விருப்பம் தெரிவித்தவர் ஆனார்.

நடுவில் ஒரு கேள்வி: இருசக்கர வாகன உரிமம் உண்டா? அதற்கு மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். "எஸ் போட்டுட்டா? வந்து ஓட்டிக் காட்டுன்னு சொல்லுவானா?"

பக்கத்துத் தடுப்பில் ஒரு பையன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். தூறல் வலுத்து, ஜன்னல் கண்ணாடியில் கோடுகளாக இறங்கியது. அந்த ஓசையும் ஸ்பீக்கரின் குரலும் கலந்து எனக்கு லேசாகக் கண் செருகியது. வட்டம், புள்ளி, வட்டம் என்று குரல் போய்க்கொண்டே இருந்தது.

கடைசிக் கேள்விக்கு வந்தார். இந்தப் படிவத்தை நிரப்பியது யார்? மேல் வட்டம்: நானே. கீழ் வட்டம்: பிறர் உதவியுடன். படிவத்தைச் செய்தவர்கள் இரண்டாவது வட்டத்தில் ஏற்கெனவே புள்ளி வைத்திருந்தார்கள். "செக்டு" என்றது குரல். அவர் உதட்டைப் பிதுக்கினார். மேலே போகும் அம்பை அழுத்தினார்.

அதே நொடியில் திரையின் நடுவே ஒரு சாம்பல் பெட்டி வந்தது. நாற்பது நிமிடம் முடிந்தது என்ற அறிவிப்பு. அவர் அழுத்தியது அந்தப் பெட்டிக்குப் போய்விட்டது. பெட்டி மறைந்தது. குரல் அதோடு நின்றது. புள்ளி இரண்டாவது வட்டத்திலேயே இருந்தது.

அவர் கையை மேசையிலிருந்து எடுத்தார்.

"குரல் போச்சு," என்றார். பிறகு தனக்குத்தானே: "அழுத்தினேன். விழுந்திருந்தா மேல. விழலைன்னா கீழ. ரெண்டே வட்டம். இன்னொரு தட்டு தட்டினா, விழுந்தது உல்டா ஆயிடும்."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு, மேல் வட்டத்தில் வைக்கும் புள்ளி பொய்யாகிவிடும். அவர் முகம் என் பக்கம் திரும்பியது. சரியாக என் பக்கம் அல்ல, திரைச்சீலையின் பக்கம்.

"மாப்ள, மூச்சு விடாதீங்க. நீங்க மூச்சு விடறதுலயே எனக்குத் தெரிஞ்சுரும்."

மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

கல்லாவிலிருந்து அந்தப் பெண்மணி கேட்டார். "அண்ணா, டைம் ஆகுதே. ரீஸ்டார்ட் மாடலா?"

"பேடம்மா, வேண்டாம். போட்டதெல்லாம் போயிரும்."

விரல் விசைக்கு மேல் நின்றது. தொடவில்லை. மின்விசிறிக் காற்றில் திரைச்சீலை உப்பி அவர் தோளில் பட்டு விலகியது. பிறகு அவர் விரலை நகர்த்தினார். டேப் விசை ஒருமுறை. என்டர் ஒருமுறை.

படிவம் போய், நன்றி என்று ஒரு பக்கம் வந்தது. ஆறு மணிக்குச் சில நிமிடங்கள் பாக்கி இருந்தன.

படியிறங்கி ஏரிக்கரைக்கு வந்தோம். மழை மறுபடி தூறலாகியிருந்தது. தண்ணீரில் வட்டங்கள் தோன்றி அழிந்துகொண்டிருந்தன. சோளம் சுடும் வண்டியின் கரிப் புகை தாழ்வாகப் பரவியிருந்தது. அவர் என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு, எப்போதும்போல அரையடி பின்னால் நடந்தார்.

"இப்ப வாயத் திறக்கலாம். எங்க இருந்துச்சு?"

"கீழ, மச்சான்."

நின்றார். என் கையில் இருந்த பிடி இறுகியது. பிறகு சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில், பிறகு தோள் குலுங்க.

"அட... நீங்க சொல்லியிருந்தீங்கன்னா, கீழ இருந்ததுதான் மாப்ள சரியான பதிலு!"

சோளக்காரர் எங்களைப் பார்த்தார். என் மச்சான் சிரிப்பை நிறுத்தாமலே, எலுமிச்சை தூக்கலாகப் போட்டு ரெண்டு கொடுங்க என்றார்.

மூன்று வாரம் கழித்து நீலசந்திராவுக்குக் கடிதம் வந்தது. என் மனைவி அதை அவருக்குப் படித்துக் காட்டினாள். இரண்டாவது குழு.