வெள்ளை கட்ட ஆள்

தொண்ணூறுகளின் நடுவில் ஹனோவரில், ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் தொழிற்சாலை ஒன்றில் நாங்கள் ஏழெட்டுத் தமிழ்ப் பெண்கள் வேலை செய்தோம். ஊரில் தன் சேலையைத் தானே தோய்த்தறியாத வீட்டுப் பெண்கள்கூட அங்கே இரத்தக்கறை படிந்த விரிப்புகளை மெஷினுக்குள் தள்ளினார்கள். எல்லோருக்கும் ஒரே சம்பளம். சாதி செத்துவிட்டது என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

எங்களுக்குள் மூத்த அக்காவின் மகள் பெரியபிள்ளையானாள். சாமத்தியவீட்டுச் சடங்குக்கு மண்டபம் எடுத்தார்கள். வேலை இடைவேளையில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பிள்ளை, உங்கட அவரைக் காலமை வரச் சொல்லும். வெள்ளை கட்ட ஆள் வேணும்."

"ஏனக்கா, உங்கட அவருக்கு ஏணியில ஏற ஏலாதோ?"

"அதுக்கில்லை. முறை எண்டு ஒண்டு இருக்கல்லோ. ஊரில எங்கட வீட்டுக்கு உம்மட அப்பாதானே கட்டினவர். சும்மா இல்லை, சீலை எடுத்துத் தருவன்."

சடங்கு வீட்டுப் பந்தலுக்கு வெள்ளைத் துணி கட்டுவதற்கென்று ஊரில் எங்களைப் போன்ற துணி வெளுக்கும் குடும்பங்களை வைத்திருந்தார்கள். கூலி கிடையாது, நெல்லும் தேங்காயும் கொடுப்பார்கள். வரமாட்டேன் என்று சொல்லவும் முடியாது. அதற்குப் பெயர் குடிமை. அடிமை என்பதை வாய் கூசாமல் சொல்கிற விதம், அவ்வளவுதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தும் தம்பியிடம் போனேன். ஒவ்வொரு கூட்டத்திலும் எங்கள் இனத்தின் அடிமை விலங்கை உடைக்கப்போவதாகத் தொண்டை கிழியக் கத்துகிறவர் அவர்.

"சாதி பிழைதான் அக்கா. ஆனா இப்ப சண்டை நடக்குது. ஊரில சனம் இடம்பெயர்ந்து கோயில்களில படுத்துக் கிடக்குது. இந்த நேரம் நாங்கள் பிரிஞ்சு நிக்கக் கூடாது. நாடு கிடைக்கட்டும், பிறகு கதைப்பம்."

"அப்ப அந்த அக்காவிட்டப் போய் ஒற்றுமையைச் சொல்லுங்கோவன்."

"அவையள் நாட்டுக்கு நிறைய உதவி செய்யினம் அக்கா..." என்று இழுத்தார்.

பணம் கொடுப்பவர் எங்களைப் பிரித்து வைக்கலாம். பிரிக்கிறார்கள் என்று வாய் திறக்கிற நான்தான் பிரிவினைக்காரி! என் கணவரோ அதைவிட மோசம். "அரை மணித்தியால வேலை. எங்கட விசா அன்ட்ராக் படிவம் நிரப்பித் தந்ததே அந்த அக்காவின்ர மனுசன்தான். பகைக்க ஏலாது" என்று முடித்துவிட்டார்.

அவர் ஏறட்டும், இறங்கட்டும். என் கவலையெல்லாம் மகள்தான். அவளுக்குப் பத்து வயது. நாங்கள் ஊரில் யாராக இருந்தோம் என்பது அவளுக்குத் தெரியாது. கடல் கடந்து வந்ததில் எனக்கு மிஞ்சிய ஒரே இலாபம் அதுதான்.

சடங்கன்று என் கணவர் கோட்டும் டையும் அணிந்து ஏணியில் நின்று வெள்ளை கட்டினார். தமிழ் வகுப்புத் தம்பி ஏணியைப் பிடித்துக்கொண்டார். மகள் பட்டுப்பாவாடையோடு மண்டபமெல்லாம் ஓடித் திரிந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா ஒரு தட்டத்தில் வெள்ளைச் சேலை ஒன்றை மடித்து வைத்து எடுத்து வந்தார். குடிமை முறைப்படி, பெரியபிள்ளையான பெண்ணுக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய மாத்துத் துணி அது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து என் மகளிடம் நீட்டினார்.

"செல்லம், இதைக் கொண்டுபோய் உள்ளுக்கு அக்காவிட்டக் குடுங்கோ."

"நானோ?"

"ஓம், நீங்கள்தான் குடுக்கிற ஆக்கள்."

அவ்வளவு பிள்ளைகளுக்குள் தன்னைத் தெரிந்தெடுத்துவிட்டார்கள் என்று மகளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு கைகளையும் நீட்டினாள். நான் எழுந்துபோய்த் தட்டத்தைப் பறித்துக் கதிரையில் வைத்துவிட்டு, அவளை இழுத்துக்கொண்டு வெளியேறினேன்.

டிராமில் ஏங்கி ஏங்கி அழுதாள். "என்னைத்தானே கேட்டவ! ஏன் அம்மா இழுத்துக்கொண்டு வந்தனீங்கள்?"

உண்மையைச் சொன்னால் அக்கா தொடங்கியதை நானே முடித்துவைத்த மாதிரி ஆகிவிடும். எனக்கு வயிற்றுவலி என்றேன். அவள் நம்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நாங்கள் என்ன குடுக்கிற ஆக்கள்?"